அயலாரை அறிவதே காவல்

சத்சங்கம் முடிந்து, எல்லோரும் வாயிலில் காலணிகளைத் தேடிக் கொண்டிருக்கும் வேளையில்தான் மனத்தில் கிடக்கும் கேள்விகள் வெளியே வருகின்றன. புனே நகரின் ஔந்த் பகுதியில் வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற பொறியாளர், அத்தகைய வேளையில் அடியேனை ஓரமாக அழைத்துச் சென்று கேட்டார்: "ஐயா, எங்கள் குடியிருப்புச் சங்கத்திற்கு என்னைச் செயலாளராக்கி விட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, லிப்ட், வாட்ச்மேன் சம்பளம், கார் நிறுத்தும் இடத்திற்குச் சண்டை என்று நாள் முழுவதும் ஓடுகிறது. தியானத்தில் அமர்ந்தால் கண்ணுக்குள் கணக்குப் புத்தகம்தான் தெரிகிறது. இந்தப் பொறுப்பை விட்டு விடலாமா?"

"விட வேண்டாம்" என்று மட்டும் அப்போது சொன்னேன். அவர் நகரவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்துக் கொண்டு நின்றார். பின்னர் வேறொன்றைச் சொன்னார். அவருடைய உண்மையான கேள்வி அதுதான் என்று அப்போது விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஔந்தில் எழுந்த கேள்வியானாலும், சென்னையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ பத்துக் குடும்பங்களோடு ஒரே படிக்கட்டைப் பகிர்ந்து வாழும் எந்த அன்பருக்கும் அது உரியதே.

ஔந்தைக் காணாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புனே பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து வடமேற்கே சென்றால், முளா நதியின் கரையில் வருவது ஔந்த். முன்பு வயல் சூழ்ந்த கிராமமாக இருந்த ஊர். இன்று பரிஹார் சௌக், பிரேமன் சௌக் என்னும் சந்திப்புகளைச் சுற்றி அடுக்குமாடிகள் நிறைந்துள்ளன. ஒரே வளாகத்தில் மராட்டியரும் சிந்தியரும் தமிழரும் வங்காளியரும் சுவரோடு சுவராக வாழ்கின்றனர். குடிமக்கள் சேர்ந்து ஊர்க் காரியம் பார்க்கும் பழக்கமும் இங்கு உண்டு. ஔந்த் விகாஸ் மண்டல் என்னும் அமைப்பினர் சாலை, நடைபாதை, மரம், நதி ஆகியவை பற்றி மாநகராட்சியின் கதவைத் தட்டி வருகின்றனர். புனே மாநகராட்சியும், ஒரு வட்டாரத்திற்குத் தேவையான சிறு பணிகளை அவ்வட்டார மக்களே எழுதிக் கொடுத்து வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கச் செய்யும் முறையை 2006ஆம் ஆண்டு தொடங்கியது. உடைந்த நடைபாதைக் கல்லையும் எரியாத தெருவிளக்கையும் பற்றி ஒருவர் மனு எழுதுகிறார் என்றால், அந்தக் கல்லில் இடறப் போகும் முகம் தெரியாத முதியவருக்காக அவர் எழுதுகிறார். இதைச் சேவை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

எல்லா உயிரிலும் இறைவன் உறைகின்றான் என்று கூடிப் பாடுவது எளிது. மூன்றாம் மாடியில் இரவு பதினொரு மணிக்கு மாவரைக்கும் குடும்பத்திலும் அவனே உறைகின்றான் என்று ஏற்பதுதான் கடினம். மலைக்குகையில் தவம் செய்பவருக்குப் பொறுமையைச் சோதிக்க ஆளில்லை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கோ நாள்தோறும் ஆள் வருகின்றனர். ஆகவே அந்தப் பொறியாளர் தம் சாதனைக்கு இடையூறு என்று எண்ணியதே அவருடைய சாதனைக் களம். இதனாலேயே விட வேண்டாம் என்றேன்.

அவர் பின்னர் சொன்னது இதுதான். அவர்கள் வளாகத்தில் ஒரு வீட்டில் நகை காணாமற் போயிற்று. உடனே செயற்குழு கூடியது. வாயிலில் இரண்டாவது வாட்ச்மேன், ஒவ்வொரு மாடி நடையிலும் கண்காணிப்புக் கேமரா, வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குப்பை எடுப்பவர்களுக்கும் அடையாள அட்டை, அவர்கள் வெளியேறும்போது பைகளைத் திறந்து காட்ட வேண்டும் என்ற விதி, பின்வாயில் வழியாக மட்டுமே வரவேண்டும் என்ற இன்னொரு விதி. சுற்றறிக்கையில் கையொப்பமிட்டவர் செயலாளர் என்ற முறையில் இவரே. நகை பிறகு அதே வீட்டில், ஊருக்கு எடுத்துச் சென்ற பெட்டியின் உள்ளறையில் கிடைத்தது. விதிகள் மட்டும் அப்படியே நின்றன.

அடுத்த மாதம், இரண்டாம் மாடியில் தனியே வசித்த மூதாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கும்பகோணம் பக்கத்தவர், மகன் வெளிநாட்டில். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. கூப்பிட்ட குரல் கதவைத் தாண்டவில்லை. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை வரை அப்படியே கிடந்தார். அக்கம் பக்கத்தில் எவரும் அறியவில்லை. அறிந்தவர் குப்பை எடுக்கும் பெண்மணி. நாள் தவறாமல் வாசலில் வைக்கப்பட்டிருக்கும் கூடை இரண்டு நாளாக இல்லை. முதல் நாள் ஊருக்குப் போயிருப்பார் என்று எண்ணிச் சென்றவர், இரண்டாம் நாள் நின்றார். "ஆஜி ஊருக்குப் போவதானால் என்னிடம் சொல்லாமல் போகமாட்டார்" என்று வாட்ச்மேனிடம் வாதிட்டார். குடியிருப்போரைத் தொந்தரவு செய்யலாகாது என்ற உத்தரவு பெற்றிருந்த வாட்ச்மேன் தயங்கினார். அந்தப் பெண்மணி விடவில்லை. கதவை உடைத்துத் திறந்தனர். மூதாட்டி உயிர் பிழைத்தார்.

"அந்த இரண்டு நாளும் மாடி நடையில் இருந்த கேமரா பழுதின்றி வேலை செய்தது ஐயா" என்றார் பொறியாளர். "அந்தக் கதவின் அருகே எவரும் வரவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்திருந்தது. வந்து நின்றவர் யார் என்று பார்த்தால், பையைத் திறந்து காட்டச் சொல்லி நான் எழுதினேனே, அவர்."

அன்பர்களே, காவல் வேண்டாம் என்று அடியேன் சொல்ல வரவில்லை. புனே நகரம் அப்படிச் சொல்லும் நிலையில் இல்லை. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் கோரேகான் பார்க் பகுதியில் ஜெர்மன் பேக்கரி என்னும் உணவகத்தில், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பையிலிருந்த குண்டு வெடித்து 17 உயிர்கள் போயின. பொது இடத்தில் தனித்துக் கிடக்கும் பையைத் தொடாமல் காவல்துறைக்குச் சொல்வதும், வாடகைக்கு வருபவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்வதும், அவசர எண் 112ஐக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதும் ஒவ்வொருவரின் கடமை. எதை நம்பிக் காவல் செய்கிறோம் என்பதே கேள்வி. அயலாரை அறிந்து காப்பது ஒன்று. அறியாமல் அஞ்சிக் காப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், விளைவு வேறு.

இதற்கு ஔந்துக்குச் செல்லும் பாதையிலேயே ஒரு சான்று இருக்கிறது. சிவாஜிநகரிலிருந்து ஔந்துக்குப் போகிறவர்கள் கணேஷ்கிண்ட் சாலை வழியாகப் போகின்றனர். 1897ஆம் ஆண்டு புனேயைப் பிளேக் நோய் சூறையாடியது. நோயைத் தடுக்க ஆங்கிலேய அரசு ராண்ட் என்ற அதிகாரியை நியமித்தது. நோக்கம் மக்களைக் காப்பதே. ஆனால் படைவீரர்கள் வீடு வீடாக நுழைந்தனர், சமையலறையிலும் பூசையறையிலும் காலணியோடு ஏறினர், நோயாளிகளை உறவினரிடமிருந்து பிரித்து அழைத்துச் சென்றனர், பொருள்களை எரித்தனர். காக்க வந்தவரைக் கண்டு மக்கள் நோயாளிகளை ஒளித்தனர். ஒளித்ததால் நோய் மேலும் பரவ வழி உண்டாயிற்று. வெறுப்பு முற்றி, ஜூன் 22ஆம் நாள் இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா விருந்திலிருந்து திரும்பிய ராண்ட் இதே கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டார். சில நாள்களில் இறந்தார். கொலையை அடியேன் நியாயப்படுத்தவில்லை. அன்பில்லாத காவல் ஒரு நகரத்தை எங்கே கொண்டு போய் விட்டது என்பதை மட்டும் காண்கிறோம்.

அதே ஆண்டு, அதே நோய், அதே நகரம். சாவித்திரிபாய் புலே அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தாறு. கணவர் ஜோதிராவ் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். புனேயின் புறப்பகுதியில் நோயாளிகளுக்காக மருத்துவமனை ஒன்றை அவர்கள் திறந்தனர். முண்ட்வா கிராமத்தின் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் பாண்டுரங்க கெயிக்வாட் என்ற சிறுவன் நோயுற்றுக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும், அம்மையார் தாமே சென்று அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார். சிறுவன் பிழைத்தான். நோய் அம்மையாரைப் பற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். படை, சட்டம், ஆணை எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் எந்தக் குடிசையில் யார் படுத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. அவரைக் கண்டு எவரும் நோயாளியை ஒளிக்கவும் இல்லை. ஏனெனில் அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, தண்ணீர் மறுக்கப்பட்ட மக்களுக்குத் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் திறந்து விட்ட குடும்பம் அது. புனே பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஔந்துவாசிகள் நாள்தோறும் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்துதான் நகருக்குள் செல்கின்றனர்.

சாவித்திரிபாய் போன்றவர்கள் அபூர்வப் பிறவிகள், நம்மால் ஆகுமா என்று சிலர் எண்ணக்கூடும். சரி, சாதாரண மனிதர்கள் கூடிச் செய்த ஒன்றைப் பார்ப்போம். மும்பைக்கு அருகே விசைத்தறிகள் நிறைந்த பிவண்டி என்ற ஊர். 1970லும் 1984லும் அங்கு இந்துக்களுக்கும் இஸ்லாமியருக்கும் இடையே கொடிய கலவரங்கள் மூண்டன. 1988ஆம் ஆண்டு சுரேஷ் கோப்டே என்ற காவல்துறைத் துணை ஆணையர் அங்குப் பொறுப்பேற்றார். அவர் தடிகளைக் கூட்டவில்லை. தெருத் தெருவாக மொஹல்லாக் குழுக்களை அமைத்து, இரு சமயத்தாரையும் ஒன்றாக உட்கார வைத்தார். நெசவாளியும் கடைக்காரரும் காவலரும் அடிக்கடி சந்தித்தனர். மதத்தைப் பற்றியா பேசினார்கள்? பெரும்பாலும் அன்றாடத் தகராறுகளைப் பற்றித்தான். அண்டை வீட்டுச் சண்டை, தெருவிலுள்ள சிறு குறைகள். அப்படிப் பேசிப் பேசி ஒருவருக்கொருவர் பெயர் தெரிந்து போயிற்று. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை பற்றி எரிந்தபோது, எரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்த பிவண்டி அமைதியாக இருந்தது. வதந்தி வந்தபோது, அதை நம்புவதற்கு முன் கேட்டுத் தெரிந்து கொள்ள எதிர்த்தெருவில் ஒருவர் இருந்தார். அதைக் கண்டே பின்னர் மும்பையிலும் மொஹல்லாக் குழுக்கள் தோன்றின.

இடையே ஒன்று நினைவுக்கு வருகிறது. பெயர்ப் பொருத்தத்தால் வந்த நினைவுதான். ஔந்த் என்ற பெயரில் சாத்தாரா மாவட்டத்தில் வேறோர் ஊர் உண்டு. புனே ஔந்தோடு அதைக் குழப்பிக் கொள்ளலாகாது. அது ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகரம். சூரிய நமஸ்காரத்தைப் பரப்பிய அதன் மன்னர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி, காந்தியடிகளின் ஆலோசனையுடன், 1939ஆம் ஆண்டு ஜனவரியில் தம் அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமே ஒப்படைத்தார். போலந்து நாட்டில் பிறந்து இந்தியத் துறவியாக வாழ்ந்த மாரிஸ் பிரிட்மன் அதற்குத் துணை நின்றார். அவருடைய யோசனையால் அந்தச் சமஸ்தானத்தில் சுதந்திரபூர் என்ற சுவரில்லாத சிறை உருவாயிற்று. கொடுங்குற்றம் செய்தவர்களும் அங்கே குடும்பத்தோடு தங்கி நிலத்தை உழுதனர். சாந்தாராம் 1957இல் எடுத்த இந்தித் திரைப்படம், பழைய தலைமுறை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள், அந்தச் சிறையிலிருந்து பிறந்ததே. கைதிக்கே சுவர் இல்லாமல் ஒரு காவலைக் கற்பனை செய்ய முடிந்த மண்ணில், நாம் நம் வீட்டைத் துடைக்க வரும் பெண்ணின் கைப்பையைக் கண்டு அஞ்சுகிறோம்.

சங்கப் பணியில் இன்னொரு படுகுழி உண்டு: பதவி. அடுக்குமாடிச் சங்கத்தில் என்ன பெரிய பதவி என்று நகைக்க வேண்டாம். தலைவர் நாற்காலி சிறியதானாலும் அகந்தை அதில் வசதியாக உட்கார்ந்து கொள்ளும். நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் கல்லில் வெட்டி வைத்த விதிகளை அன்பர்கள் நேரில் சென்று காணலாம். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம். உறுப்பினரைக் குடவோலையால் தெரிவு செய்தனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. அண்மையில் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. மகாராஷ்டிரத்தின் 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைக்கச் சொல்கிறது. அந்தக் கூட்டத்திற்கு நம்மில் எத்தனை பேர் செல்கிறோம்? செல்லாமலிருந்து விட்டுப் பிறகு லிப்டில் நின்று குறை பேசுவது நமக்கு வழக்கமாகி விட்டது. செயலாளருக்குக் கணக்கு நேர்மை ஒரு தவம் என்றால், மற்றவர்களுக்கு அதைப் பொறுமையாகக் கேட்டு, நன்றி சொல்வதும் ஒரு தவமே.

கூடிக் கொண்டாடுவதும் காவலின் ஒரு பகுதிதான். 1893ஆம் ஆண்டு முதல் லோகமான்ய திலகர் புனேயில் விநாயகர் விழாவை வீட்டுப் பூசையறையிலிருந்து தெருவுக்குக் கொண்டு வந்து வளர்த்தார். தெருவோர் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. இன்று பந்தலின் ஒலிபெருக்கி அடுத்த மாடியில் நோயுற்றவரின் உறக்கத்தைக் கெடுக்குமானால், விழா அதன் வேலையைச் செய்யவில்லை. பொறியாளரின் வளாகத்திலும் விழா நடக்கிறது. பொங்கலுக்குக் கோலப் போட்டியும் உண்டாம். "அந்தப் பந்தியில் வாட்ச்மேன் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, பரிமாறுகிறாரா?" என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்து, "கதவருகே நிற்கிறார்" என்றார்.

மூன்று மாதம் கழித்து அவரை மீண்டும் சந்தித்தேன். பொறுப்பை விடவில்லை. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இல்லாத ஒரு தனி நோட்டுப் புத்தகத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். தனியே வசிக்கும் முதியவர் யார், இதய நோய் உள்ளவர் யார், எந்த வீட்டின் மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது, எந்த மகனின் அல்லது மகளின் தொலைபேசி எண் எது என்று அதில் இருந்தது. அவரவர் சம்மதம் கேட்டே எழுதினாராம். இரண்டு வீட்டார் தர மறுத்தனர், அவர்களை அவர் வற்புறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் வாட்ச்மேன்கள் இருவர், வீட்டு வேலை செய்யும் பெண்கள், குப்பை எடுக்கும் பெண்மணி ஆகியோரின் பெயரும், அவர்கள் வீட்டில் ஓர் அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் இருந்தன. அந்தப் பக்கத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று என்றார். பதினான்கு ஆண்டுகளாகத் தினமும் பார்க்கும் வாட்ச்மேனுக்கு எத்தனை குழந்தைகள் என்று அவருக்கு அதுவரை தெரியாதாம்.

மூதாட்டி ஊன்றுகோலுடன் வீடு திரும்பி விட்டார். இப்போது கூடையை வாசலில் வைப்பதில்லை. மணியடிக்கும் வரை கதவுக்குப் பின்னால் நாற்காலியில் காத்திருந்து, கையில் கொடுக்கிறார். சில நாள் அந்தப் பெண்மணிக்குக் காப்பியும் உண்டு.

பின்வாயில் விதியைச் செயற்குழு நீக்கி விட்டது. பைகளைச் சோதிக்கும் விதி மட்டும் ஓர் ஓட்டில் தங்கி விட்டது. செப்டம்பர் பொதுக்குழுவில் அதை மீண்டும் வைக்கப் போகிறேன் என்று சொல்லி, பேருந்தைப் பிடிக்க அவர் விரைந்தார்.